குறைந்த மருத்துவமனை வருகை நலத்தின் அடையாளமா?

அமெரிக்காவில் குடியேறிய சீன முதியோரைப் பற்றிப் பேசும்போது, குடும்ப ஆதரவு மிகுந்தால் மருத்துவமனைச் செலவு குறையும் என்ற கணக்கு எளிதாக முன்வைக்கப்படுகிறது. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் பாதி உடன்பாடுதான்.

1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, குடியுரிமை பெற்ற பிள்ளைகள் தம் பெற்றோரை எண்ணிக்கை வரம்பின்றி வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால், அறுபதைக் கடந்து, கான்டனீஸ் மட்டுமே அறிந்து வந்து சேரும் ஒரு தாய்க்குக் காப்பீடு உடனே கிடைப்பதில்லை. அவரோ கணவரோ அங்கே 10 ஆண்டுகள் உழைத்து வரி செலுத்தியிருந்தால்தான் ‘மெடிகேர்’ மருத்துவமனைக் காப்பீடு கட்டணமின்றிக் கிடைக்கும். இல்லையெனில், 5 ஆண்டுகள் நிரந்தரக் குடியிருப்புக்குப் பிறகு கட்டணம் செலுத்திச் சேரலாம். ஏழைகளுக்கான ‘மெடிகெய்டு’ திட்டத்துக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக 5 ஆண்டுக் காத்திருப்பை விதித்தது.

ஆகவே, பணம் தருபவர் மகன். தொலைபேசியில் நேரம் கேட்பவர் மகள். மருத்துவரிடம் மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் பேத்தி. அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழியுதவி அளிக்கக் கடமைப்பட்டவைதான். எனினும், மருத்துவமனை வாசல்வரை அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டுமல்லவா? நோய் முற்றாமல் தடுப்பதும் குடும்பம். மருத்துவமனைக்குச் செல்லும் ஒரே வழியும் குடும்பம். மகனின் ஒருநாள் ஊதியம் போய்விடுமே என்று வலியை மறைக்கும் முதியவர், புள்ளிவிவரத்தில் நலமானவராகவே தோன்றுவார். சிகாகோ வட்டாரத்தில் 3,000-க்கும் மேற்பட்ட சீன முதியோரை நேர்கண்ட ‘பைன்’ ஆய்வு, உறவுகள் தரும் ஆதரவோடு உறவுகளால் நேரும் மனச்சுமையையும் கேட்டறிந்தது. அது சரியான அணுகுமுறை.

இதற்கு மாற்றுவழி ஒன்றும் சீனர்களிடையேதான் உருவானது. 1970-களில் சான்பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் தொடங்கிய ‘ஆன் லோக்’ அமைப்பு, பகல்நேர மையத்தில் உணவு, மருத்துவர், இயன்முறைச் சிகிச்சை, போக்குவரத்து அனைத்தையும் ஒருங்கே வழங்கியது. பின்னர், ஒவ்வொரு முதியவருக்கும் மாதந்தோறும் நிலையான தொகையைப் பெற்று, மருத்துவமனைச் செலவையும் அதிலிருந்தே ஏற்றது. மதிய உணவுக்கும் வேனுக்கும் செலவிடுவது அதற்கு இலாபகரமாயிற்று. (எங்கள் துறையில் இதற்கு நீண்ட பெயர் உண்டு.) 1997-இல் கூட்டரசுச் சட்டம் இம்முறையை மெடிகேரின் நிரந்தரப் பகுதியாக்கியது.

ஆயினும் இதில் சேர, முதியோர் இல்லப் பராமரிப்பு தேவைப்படும் அளவுக்கு உடல் தளர்ந்திருக்க வேண்டும். காப்பீடு இல்லாதவர் முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்த வேண்டும். நேற்று வந்திறங்கிய தாய் இரு வகையிலும் வெளியே நிற்கிறார். மகன் புறநகரில் வீடு வாங்கியிருந்தால், பேருந்தும் இல்லாமல், பேசவும் ஆளில்லாமல், மாலைவரை காத்திருக்கிறார். அந்த 5 ஆண்டுக் காத்திருப்பைத்தான் முதலில் தளர்த்த வேண்டும்.