நடந்து காணவேண்டிய சாலை

இத்தாலியில் நீண்ட விடுமுறையைக் கழிக்கச் செல்வோர் ரோமின் கொலோசியத்தையும் வெனிஸின் படகுகளையும் காணத் தவறுவதில்லை. அவற்றோடு இரண்டு நாட்களை வேறாக ஒதுக்கிவையுங்கள்.

முதல் நாள், நேப்பிள்ஸ் அருகேயுள்ள பொட்சுவோலி. வேதத்தில் நாம் வாசிக்கும் புத்தேயோலி இதுவே. கைதியாகிய பவுல் இத்துறைமுகத்தில் இறங்கி, சகோதரரிடத்தில் ஏழுநாள் தங்கினார்.

மறுநாள், ரோமுக்கு வெளியே அப்பியா சாலை. கி.மு. 312-இல் தொடங்கப்பட்ட இச்சாலையின் பழங்கற்கள்மேல் இன்றும் நடக்கலாம்; 2024-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ரோமிலிருந்த சகோதரரில் சிலர் அப்பியுபுரம்வரை, 60 கி.மீ.க்கும் அதிகமான தூரம் வந்து, பவுலை எதிர்கொண்டனர். அவர்களைக் கண்டு அவர் தைரியமடைந்தார்.

அங்கே நடக்கையில், அந்நிய நகரத்தில் உங்களை எதிர்கொண்டு அழைத்தவர்களை நினையுங்கள். இன்று புதிதாய் வருகிறவரை எதிர்கொள்ள நாம் எவ்வளவு தூரம் செல்வோம்?