மறதி நோய்: ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் நிற்கும் கேள்வி

புதுதில்லி: அல்சைமர் நோயால் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை ரத்த மாதிரியைக் கொண்டே அறிய உதவும் பரிசோதனைக்கு, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் முதன்முறையாக அனுமதி வழங்கியது. அதுவரை பெரும்பாலும் விலை உயர்ந்த பெட் ஸ்கேன் அல்லது முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனை மூலமே இதை உறுதிசெய்ய முடிந்தது. இந்த முன்னேற்றம் இந்தியாவுக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்பது, ரத்தம் எடுக்கும் முன்பே நடக்க வேண்டிய ஒரு பணியைப் பொறுத்தது.

நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் பாதிப்பு கூடுதல். நரம்பியல் மருத்துவர்களோ நகரங்களிலேயே செறிந்துள்ளனர். 'வயதானால் அப்படித்தான்' என்று குடும்பத்தினர் கடந்து போவதும் வழக்கம்.

பள்ளி செல்லாதவரைச் சோதிப்பது எப்படி?

மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் நினைவாற்றல் தேர்வு, ஒரு வாக்கியம் எழுதவும், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும், ஐங்கோணங்களைப் பார்த்து வரையவும் சொல்கிறது. பேனாவே பிடித்திராத மூதாட்டி இதில் குறைந்த மதிப்பெண் பெற்றால், அதற்குக் காரணம் நோயா, கல்வி கிட்டாததா எனப் பிரித்தறிவது கடினம். இதனால்தான் ஹரியாணாவின் பல்லப்கர் பகுதியில் 1990-களில் எழுத்தறிவற்றோருக்கென இந்தித் தேர்வு உருவாக்கப்பட்டது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இந்தி, வங்கம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளில் தேர்வுத் தொகுப்பை வடிவமைத்தது. அந்த முதல் பட்டியலில் தமிழ் இடம்பெறவில்லை.

ரத்தப் பரிசோதனைக்குக் கல்வி ஒரு தடையல்ல. அதுவே அதன் பெரும் பலம். ஆயினும், 2025 மே மாதம் தரப்பட்ட அந்த முதல் அனுமதி, அறிகுறிகள் உள்ளவர்களுக்கு, சிறப்பு மருத்துவ மையங்களில் செய்வதற்கே தரப்பட்டது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களிடம் இதில் அளக்கப்படும் டௌ புரதம் அந்தக் காரணத்தாலேயே உயரக்கூடும். நீரிழிவு மிகுந்த இந்தியாவில் இது சிறிய சிக்கலல்ல. எனவே உள்நாட்டுத் தரவுகள் இன்றியமையாதவை. கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுராவில், 45 வயதைக் கடந்த கிராம மக்கள் 10 ஆயிரம் பேரை இலக்காகக் கொண்டு பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் நடத்திவரும் நீண்டகால ஆய்வு அவ்வகையில் முக்கியமானது.

முன்கூட்டியே அறிவதால் என்ன பயன் என்ற ஐயம் எழலாம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாக வெளிப்படும். அவை சிகிச்சைக்கு உட்பட்டவை. லெகனெமாப் போன்ற புதிய மருந்துகள் நோயின் தொடக்க நிலையினருக்கு மட்டுமே உரியவை. அவையும் நோயின் வேகத்தைக் குறைக்குமே தவிர, குணப்படுத்தா.

கிராமங்களில் முதல் சோதனையாளர் ஆஷா பணியாளரே. அவர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் முதியோருக்கான நினைவாற்றல் கேள்வி, நெருங்கியவர்களின் பெயரையோ சொந்த வீட்டு முகவரியையோ மறக்கிறீர்களா என்பதாகும். அதற்கு 'ஆம்' என்று பதில் வரும் கட்டத்தில், பெரும்பாலும் நோயின் தொடக்க நிலை கடந்திருக்கும்.