உங்கள் உடம்பு... யாருடைய செல்போனில்?

தோலில் படை என்று காட்டப் போகிறீர்கள். டாக்டர் பார்க்கிறார். உடனே செல்போனை எடுத்து இரண்டு படம் பிடிக்கிறார். எதுக்கு என்று நீங்களும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அந்தப் படம் அப்புறம் எங்கே போகிறது?

படமே கூடாது என்று சொல்ல வரவில்லை. எங்கள் எண்வகைத் தேர்வில் நா, நிறம், விழி மூன்றும் கண்ணால் பார்த்து அறிவதுதானே! நெய்க்குறியில், சிறுநீர் மேல் விட்ட எண்ணெய்த் துளி பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்பது சில நிமிஷக் காட்சி. படம் இருந்தால் பிறகும் பார்க்கலாம். காளாஞ்சகப்படைக்கு வெட்பாலைத் தைலம் தடவி வருபவருக்கு, ஒரு மண்டலம் கழித்துப் பழைய படத்தைக் காட்டினால் தெம்பு வரும். (ஆனால் ஒரே வெளிச்சத்தில் எடுக்கணும். ட்யூப்லைட்டில் ஒன்று, வெயிலில் ஒன்று என்றால் எதை நம்புவது?)

படம் டாக்டரின் சொந்த போனிலேயே கிடப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பேரன் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே உங்கள் முதுகு! போன் ரிப்பேருக்குப் போகும், தொலையும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எத்தனையோ போனில் தானாக இறங்கும். "முகம் தெரியலையே" என்பார்கள். நம் புதுச்சேரி சின்ன ஊருங்க. பச்சை குத்தின கை, ஒரு பழைய தழும்பு போதும். முத்தியால்பேட்டைக்காரரை முதலியார்பேட்டையில் அடையாளம் கண்டுவிடுவார்கள். வரன் பார்க்கும் பெண்ணுக்கு வெண்புள்ளி என்றால், வீட்டார் படும் பாட்டை யோசியுங்கள்.

'முன்பு-பின்பு' படம் போட்டு விளம்பரம் செய்கிறவர்கள் எங்கள் துறையிலும் உண்டு. வெண்புள்ளியைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷச் சட்டம் தடுத்திருக்கிறது!

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் விற்பனைக்கே வந்தன. ஆஸ்பத்திரிக் கேமராவுக்கே இந்தக் கதி என்றால், டாக்டர் பாக்கெட்டில் இருக்கும் போனை என்ன சொல்ல?

ஆகவே, கூச்சப்படாமல் கேளுங்கள்: "எதுக்கு சார்? எங்க வச்சுப்பீங்க? யார் பார்ப்பாங்க?" ஆஸ்பத்திரிக்கென்று தனிக் கேமரா, படத்தில் பெயருக்குப் பதில் சீட்டு எண்ணும் தேதியும், கடவுச்சொல் போட்ட கம்ப்யூட்டர்... இதெல்லாம் பெரிய செலவில்லை. போனில் எடுத்தே ஆகணும் என்றால் மாற்றியதும் அழிக்கணும், போனின் குப்பைத்தொட்டியிலிருந்தும்தான்! ஒருமுறை தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

வேண்டாம் என்று சொன்னாலும் வைத்தியம் நிற்காது. படையின் அளவையும் நிறத்தையும் சீட்டிலேயே வரைந்து குறித்துக்கொள்ளலாம். நாங்கள் படித்த காலத்தில் அப்படித்தான் செய்தோம்.