தவழ்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்

இன்று கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தாய் தன் ஒன்பது மாதக் குழந்தையின் வீடியோவைப் போட்டாள். குழந்தை உட்கார்ந்து கைதட்டிச் சிரிக்கிறது. பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணிப் பருவம் என்று வகுப்பில் நடத்தினேனே, அதேதான். பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவர்கள் என்ன எழுதினீர்கள்? "இன்னும் தவழலையா?" "எங்க பேரன் எட்டு மாசத்துலயே நின்னுட்டான்." "வாக்கர் வாங்கிக் கொடும்மா." அன்று இரவு அந்தப் பெண் எனக்குப் போன் செய்து அழுதாள்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி எதையும் பிடிக்காமல் நடக்கும் வயது, சுமார் 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை போகிறது. நூற்றில் நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமோ 2022-இல் தன் பட்டியலிலிருந்து தவழ்வதையே எடுத்துவிட்டது. அதோடு, இந்தக் குழந்தை இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தது. அந்த இரண்டைக் கழித்து ஏழு மாதம் என்றுதான் எண்ண வேண்டும். சாதாரணக் கழித்தல் கணக்கு!

வாக்கர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருட்டும் வாக்கரைக் கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. (தாத்தா செய்து தந்த மர நடைவண்டியைச் சொல்லவில்லை.)

இது பாதிக் கோபம்தான். மீதிக் கோபம் வேறு.

அதே குழுவில் இன்னொரு குழந்தை. பத்து மாதம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. "பாபா", "தாதா" என்று எதுவும் வருவதில்லை. அதற்கு என்ன எழுதினீர்கள்? "தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்லை." "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்." பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயமுறுத்துகிறீர்கள். பார்க்க வேண்டிய இடத்தில் தாலாட்டுகிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது தெரியுமா? பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னால் ஒன்றும் எழுத மாட்டான். திமிர் என்று நினைத்து வெளியே நிற்க வைத்தேன், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. அவன் என் உதட்டைப் பார்த்துத்தான் பாடம் கேட்டிருக்கிறான் என்பது பரிசோதனைக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு காதிலும் குறை. "சின்ன வயசுல பேச்சு வரலைன்னு சொன்னோம் சார், போகப் போகச் சரியாகும்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார் அவன் அம்மா. பத்து வருடம் போய்விட்டது. என் பங்கு அதில் ஒரு வருடம்.

காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் "ங்கா" சொல்லும், சிரிக்கும். அதனால்தான் ஏமாறுகிறோம். பாதி கேட்கும் குழந்தை கதவு அடித்தால் திடுக்கிடும், பேச்சு மட்டும் பிடிபடாது. ஆகவே தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு "கேட்குது" என்று முடிவு செய்யாதீர்கள். ஆறு மாத வாக்கில் சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். பத்து மாதத்துக்குள் ஒரே அசையை அடுக்கிப் பேச வேண்டும். முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலும், வந்த ஒன்று திரும்பப் போய்விட்டாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

தாய் சேய் நல அட்டையில் இதெல்லாம் படத்தோடு இருக்கிறது. நாமோ தடுப்பூசித் தேதியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். காது பரிசோதனை அரசு மருத்துவமனையிலேயே உண்டு. தேவைப்பட்டால், ஆறு வயதுக்குள் செய்யும் காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பேச்சு.

அந்தப் பத்து மாதக் குழந்தையின் பெற்றோரிடம் பேசிவிட்டேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். புதன்கிழமை பரிசோதனை. முடிவு தெரியும்வரை குழுவில் யாரும் அவர்களிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.