எண்ண வாருங்கள்!

லடாக்கின் குளிர்ப் பாலைவனத்திலும் அதையொத்த பனிமலைகளிலும் கூடாரமடித்துத் தங்கி, நம் தேசத்தார் ஒரு பெரிய கணக்கை எடுத்து முடித்திருக்கின்றனர். 2019 முதல் 2023 வரை இமயமலைப் பிரதேசங்களில் நடைபெற்ற பனிச்சிறுத்தைக் கணக்கே அது. 1,971 இடங்களில் தானே படம் பிடிக்கும் காமிராக்களை வைத்தனர். அவற்றில் அகப்பட்ட 241 சிறுத்தைகளையும் உடலிலுள்ள புள்ளிகளைக் கொண்டு தனித்தனியே இனங்கண்டு, தேசத்தில் 718 பனிச்சிறுத்தைகள் உண்டென மதிப்பிட்டனர். அவற்றில் 477 லடாக்கைச் சேர்ந்தவை.

அந்த ஊழியத்தில் சேரும் பாக்கியம் சிலருக்கே கிட்டும். ஆயினும், அதே குளிர்ப் பாலைவனத்தின் விருந்தாளிகள் நம் பக்கத்து ஏரிக்கே வருவதைத் திருச்சி, ஸ்ரீரங்கம் வாலிபர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

வரித்தலை வாத்தைச் சொல்கிறோம். லடாக், திபெத், மங்கோலியா முதலிய இடங்களில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, இமயத்தைத் தாண்டிப் பறந்து, குளிர்காலத்தில் கரைவெட்டி ஏரியில் வந்து இறங்குகிறது. முன்பு திருச்சி ஜில்லாவிலும் இன்று அரியலூர் மாவட்டத்திலும் அடங்கிய அந்த ஏரி, 2024-ல் ராம்சர் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள நீர்நிலையாக அங்கீகாரம் பெற்றது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே அதற்கு வந்து சேர்வது, ஸ்ரீரங்கத்தை அணைத்தோடும் அதே காவேரியின் ஜலம்.

1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கு நம் நாட்டில் எடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டு வனத்துறையும் தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு, பல நீர்நிலைகளில் ஒரே சமயத்தில் எண்ணுகிறது. ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் பறக்கும் கூட்டம் இருமுறை கணக்கில் ஏறலாகாது அல்லவா? ஆகவே ஒவ்வோர் ஏரிக்கரையிலும் ஆள் வேண்டும். சம்பளத்துக்கு உழைக்கும் உத்தியோகஸ்தர்களால் மட்டும் இது ஆகிற காரியமன்று.

"குடியானவன் கடன்பட்டுத் தவிக்கையில் வாத்தை எண்ணுவதா?" என்று சிலர் கேட்கலாம். குடியானவனுக்கு வேண்டியதும் வாத்துக்கு வேண்டியதும் ஒன்றே. நீர் நிற்கும் ஏரி. வரத்து வாய்க்கால் தூர்ந்தாலும், கரை ஆக்கிரமிக்கப்பட்டாலும், நஞ்சு கலந்தாலும் இருவருக்கும் நஷ்டம். வருஷாவருஷம் எடுத்து வைத்த கணக்கு கையிலிருந்தால், ஏரி கெட்டுவருவதைச் சர்க்கார் முன் நிரூபிக்கலாம். கணக்கில்லாத ஏரிக்காக வாதாடுவது எங்ஙனம்?

செய்ய வேண்டியவை இரண்டு. ஏரிவாரியான கணக்கைச் சர்க்கார் தமிழிலேயே வெளியிட்டு, அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கு அனுப்பவேண்டும். செயின்ட் ஜோசப், நேஷனல், பிஷப் ஹீபர், ஜமால் முகமது கல்லூரிகள், கொள்ளிடக் கரையிலேயே மாணவர்களுக்குப் பறவைகளை அடையாளம் காணப் பழக்கி, ஜனவரியில் கரைவெட்டிக்கு அனுப்பவேண்டும். பிழையாக எண்ணுவது எண்ணாமலிருப்பதைவிடத் தீங்கு.

தேசத்தை நேசிப்பதாகச் சொல்லுகிறோம். அதன் நீரில் என்ன வாழ்கிறது, எது குறைகிறது என்று அறியாத நேசம் வாய்ப்பேச்சே. வாலிபர்களே, விடியுமுன் புறப்படுங்கள்; ஏரிக்கரையில் நின்று எண்ணுங்கள்!