48 வயதில் ஒரு கேமரா

எதிர்வீட்டு அக்காவுக்கு மகள் கேமரா வாங்கிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. அட்டைப்பெட்டியோடு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. “நாலு படம் எடுத்தேன், நாலும் கலங்கல். இந்த வயசுல இதெல்லாம் எனக்கு வருமா தம்பி?” என்றார். அவருக்குச் சொன்ன கதைதான் இந்த வாரம் உங்களுக்கும்.

ஜூலியா மார்கரெட் கேமரூன். (பெயரிலேயே கேமரா இருப்பது தற்செயல்தான்!) 1815-ல் கொல்கத்தாவில் பிறந்தவர்; பிறகு இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்தார். கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்த நேரம். அம்மா தனியாக இருக்கிறாரே, பொழுதாவது போகட்டும் என்று மகளும் மருமகனும் 1863 டிசம்பரில் ஒரு கேமரா கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48.

அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நிமிடக்கணக்கில் அசையக் கூடாது. ஜூலியா ஒன்றும் தெரியாமல்தான் இறங்கினார். கரி போட்டு வைத்த அறை இருட்டறை ஆனது. கோழிக்கூண்டு ஸ்டூடியோ ஆனது. முதல் படத்தை, ஈரமான பக்கத்தில் கைபட்டு அவரே அழித்துவிட்டார்!

1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் முகம் சரியாக விழுந்தது. அதைத்தான் தன் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார்.

அப்புறம்தான் அடி விழுந்தது. ‘ஃபோகஸ் இல்லை, தகட்டில் கறை’ என்று புகைப்படப் பத்திரிகைகள் குறை சொன்னன. அவர் அசரவில்லை. லென்ஸைத் திருப்பும்போது தன் கண்ணுக்கு எங்கே அழகு தெரிந்ததோ, அங்கேயே நிறுத்தினார். கை நடுங்கி விழுகிற நம் கலங்கலுக்கு இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. அவருடையது தெரிந்தே தேர்ந்தெடுத்தது. வீட்டு வேலைக்காரப் பெண், கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி டார்வின் என்று யார் கிடைத்தாலும் உட்கார வைத்து எடுத்தார். 1865-லேயே லண்டன் சவுத் கென்சிங்டன் மியூசியம் அவர் படங்களை வாங்கியது.

1875-ல் கணவரோடு இலங்கைக்கே வந்துவிட்டார். அங்கும் கேமராவை விடவில்லை. தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். 1879-ல் மறைந்தார். கல்லறை மலையகத்தில், பொகவந்தலாவையில் இருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தம்மாவுக்குக் கோழிக்கூண்டு இருந்துச்சு. எனக்கு மொட்டை மாடிதான் இருக்கு” என்று பீரோ சாவியைத் தேடப் போனார்.