கூதிர்காலக் காலையுணவும் பூசணி அடையும்

நூல்களை மொழிபெயர்ப்பதில் எத்தனை இடர்கள் உண்டோ, அத்தனை இடர்களும் உணவை மொழிபெயர்ப்பதிலும் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்த கவிதை உயிரற்றுக் கிடப்பதுபோல, பொருளுக்குப் பொருள் கடல்கடந்து வருவித்துச் சமைத்த உணவும் பயனற்றுப் போகும். மாச்சத்துக் குறைந்த பூசணிப் பான்கேக் என்ற காலையுணவைப்பற்றி அண்மைக்காலமாக நம்மவரிடையே எழும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இவ்வெண்ணமே தோன்றுகின்றது. இலையுதிர்காலக் காலைப்பொழுதுக்கு ஏற்றது என்ற முன்னுரையோடு வருவது அது. வாதுமை மா வேண்டும் என்கிறது. சீனிக்கு மாற்றாக ஏதேதோ தூள்கள் வேண்டும் என்கிறது. இவற்றையெல்லாம் வாங்கப் புகுந்தால் ஆசிரியர் ஒருவரின் மாத ஊதியம் மாத நடுவிலேயே விடைபெற்றுவிடும். ஆதலால், இது செல்வர்வீட்டு விளையாட்டு என்று ஒதுக்குவோர் ஒருபுறம். மேனாட்டார் சொன்னதால் அப்படியே செய்தல் வேண்டும் என்போர் மறுபுறம். இரு திறத்தாரும் பிழைபடுகின்றனர் என்பதே என் துணிபு.

முதலில் காலத்தை நோக்குவோம். வட அமெரிக்காவில் பூசணி அறுவடை இலையுதிர்காலத்தில் நிகழ்வது. அக்டோபர் முடிவில் அதனைக் குடைந்து விளக்கேற்றுவர். நவம்பரில் நன்றியறிதல் திருநாளுக்கு அதனால் பணியாரம் செய்வர். ஆகவே, அங்கே பூசணி என்றால் இலையுதிர்காலம், இலையுதிர்காலம் என்றால் பூசணி. கற்பிட்டியிலும் உடப்பிலும் முந்தலிலும் இலையுதிர்காலம் ஏது? தென்னை எந்த மாதத்தில் இலையுதிர்த்தது? ஆயினும் அப்பருவத்துக்கு நிகரான பெயர் நம்மிடம் இல்லாமலில்லை. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த பழந்தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். புத்தளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு அடங்கி, கடல் தணிந்து, மீன்பிடிக் காலம் தொடங்குவதும் அப்போதுதான். தெற்கேயிருந்து வரும் மீனவர் கற்பிட்டிக் கரையில் வாடிகள் அமைப்பர். மழை வரும்; காலை குளிரும்; சூடான ஏதேனும் ஒன்றை வயிறு கேட்கும். 'ஓட்டம்' என்ற ஆங்கிலச் சொல்லை இலையுதிர்காலம் என்று பெயர்த்தால் அது அகராதியில் மட்டுமே வாழும். கூதிர் என்று பெயர்த்தால் நம் அடுக்களைக்குள் வந்துவிடும்.

அடுத்து, பூசணி. நீற்றுப்பூசணி வேறு, மஞ்சட் சதையுள்ள இப்பூசணி வேறு. தமிழகத்தார் இதனைப் பரங்கிக்காய் என்பர். பரங்கியர் வழியே வந்தது என்ற வரலாறு அப்பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதன் பிறப்பிடம் அமெரிக்கா. 1344இல் மாலைத்தீவிலிருந்து இலங்கைக்கு வந்த இபுனு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதாகக் கூறும் 'பத்தாலா' என்னும் பட்டினம் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவர் கண்ட புத்தளத்தில் மஞ்சட் பூசணி இல்லை, மிளகாயும் இல்லை. போர்த்துக்கேயர் 1505இல் இத்தீவுக்கு வந்ததன் பின்னரே இவை நம் மண்ணுக்கு உரியவையாயின. இன்றோ, மிளகாய் இல்லாத நம் சமையலை நினைக்கவும் இயலாது. அயலிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றைத் தள்ளவேண்டியதில்லை. வந்தது நம் மண்ணில் வேர்கொண்டதா என்பதே கேள்வி. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான தோட்டங்களில் பூசணி வேர்கொண்டது. நம் கறிச்சட்டியிலும் வேர்கொண்டது.

வேர்கொள்ளாதது கோதுமை. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் அது விளைவதில்லை. நாம் உண்பது முழுவதும் கப்பலில் வருவது. பாண் என்னும் சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. எனினும், நாட்டுப்புற வீடுகளுக்குள் கோதுமை மா ஆழமாகப் புகுந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டுக்குக் கோதுமை மா வந்தது. போர் முடிந்தது, மா போகவில்லை. 1980இல் திருகோணமலையில் பெரும் மா ஆலையொன்று இயங்கத் தொடங்கிய பின்னர் ரொட்டியும் பாணும் பராட்டாவும் நம் அன்றாட உணவாகவே நிலைத்துவிட்டன. நம்மிடையே பான்கேக் என்றாலே, கோதுமை மாவில் மெல்லியதாகச் சுட்டு, தேங்காய்ப்பூவையும் பாணியையும் உள்ளே வைத்துச் சுருட்டியது என்றுதான் பொருள். சுவையானது, மறுக்கவில்லை. ஆனால் 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது கோதுமை மாவின் விலையும் பாணின் விலையும் ஏறிய ஏற்றத்தை மறந்தவர் யார்? கப்பலை நம்பிக் காலையுணவை வைத்திருப்பதன் பொருளை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

பணத்தைவிடப் பெரிய இழப்பும் ஒன்றுண்டு. சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் நாம் சொல்லும் நீரிழிவு இன்று எந்த வீட்டில் இல்லை? 2005–2006இல் இலங்கையில் நடைபெற்ற ஆய்வொன்று, 20 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. நோயின் வாசலில் நிற்பவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐவரில் ஒருவர். கண்ணொளி மங்கியவர்களும், ஆறாப்புண்ணால் கால்விரலை இழந்தவர்களும் நமக்குத் தெரிந்தவர்களே. இதற்குக் கோதுமை ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று. 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம் மாச்சத்து உண்டு. தீட்டிய அரிசி மாவில் அதனினும் சற்று மிகுதி. பிட்டும் இடியப்பமும் நம்முடையவை என்பதற்காக உடல் அவற்றுக்குச் சலுகை காட்டுவதில்லை.

வேறுபாடு எங்கேயென்றால், உழைப்பில். இரவெல்லாம் வலையிழுத்தவரும், விடியுமுன் துலாமிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவரும் உண்ட உணவு அது. துலா போயிற்று, இயந்திரம் வந்தது. நாற்காலி வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. உழைப்பு குறைந்த பின்னரும் தட்டின் அளவு குறையவில்லை. பாட்டனாரின் பசி போய்விட்டது. அவருடைய தட்டு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இந்த இடத்திலேதான் பூசணி அடை பொருளுடையதாகின்றது. பான்கேக் என்பதற்கு அடை என்ற சொல்லை நான் வேண்டுமென்றே ஆள்கிறேன். தோசைக்கல்லில் தட்டிச் சுடும் பண்டத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. 100 கிராம் பூசணியில் மாச்சத்து 6 அல்லது 7 கிராம். உண்டபின் அது குருதியில் சீனியை விரைவாக ஏற்றும் என்று அஞ்சுவார் உளர். விரைவு உண்மையாயினும் அளவு சிறிது. ஓட்டைப் படகு வேகமாக நீர் இறைத்தாலும் கடல் பெருகாததுபோல. கரோட்டீன் நிறைந்த அதன் மஞ்சள் நிறம் உடலில் விற்றமின் ஏ ஆக மாறுவது வேறொரு நன்மை.

வாதுமை மாவுக்கு மாற்றைத் தேடி நாம் அலையவேண்டியதில்லை. குருநாகல், கம்பகா மாவட்டங்களோடு புத்தளமும் சேர்ந்ததே தென்னை முக்கோணம். 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பதும் இம்மாவட்டத்து லுணுவிலவில்தான். தேங்காய்ப்பால் பிழிந்தபின் எஞ்சும் சக்கையை நாம் கோழிக்குப் போடுகிறோம். அல்லது வாழையடியில் கொட்டுகிறோம். அதைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவைத்து, அரைத்து, அரித்து எடுத்தால் அதுவே தேங்காய் மா. கூதிர்காலத்தில் வெயில் கிடைக்காது. அப்போது தாச்சியில் இட்டு, சிறு நெருப்பில் நிறம் மாறாமல் ஈரம் போகும்வரை வறுத்துக்கொள்ளலாம். வீட்டில் செய்வதில் எண்ணெய்ப்பசை எஞ்சியிருக்குமாதலால் சில நாள்களுக்குள் பயன்படுத்திவிடல் வேண்டும். கடையில் விற்கும் தேங்காய் மாவிலும் மாச்சத்து உண்டு. ஆனால் அதிற் பாதிக்கு மேற்பட்டது நார்ப்பொருள்.

செய்முறை எளிது. இருவருக்கு 250 கிராம் பூசணி, 3 முட்டை, 30 கிராம் தேங்காய் மா போதும். முற்றிய காயாகத் தேர்ந்து, தோல் சீவி, நீரில் வேகவிடாமல் ஆவியில் அவித்து மசிக்க வேண்டும். ஆறியபின் துணியிலிட்டுப் பிழிந்து மிகை நீரை அகற்றுதல் இன்றியமையாதது. இதைச் செய்யாதவரின் அடை கல்லிலேயே கூழாகும். அடித்த முட்டை, தேங்காய் மா, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள், அளவாக உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்து, பத்து நிமிடம் விட்டுவைக்க வேண்டும்; தேங்காய் மா நீரை உறிஞ்ச நேரம் எடுக்கும். கோதுமையில் உள்ள பசைத்தன்மை இதில் இல்லை. முட்டையே எல்லாவற்றையும் பிணைத்து நிற்பது. ஆகையால் உள்ளங்கையளவுக்கு மேல் பெரிதாக வார்க்கலாகாது. தேங்காய் எண்ணெய் தடவிய கல்லில், சிறு நெருப்பில், மூடிவைத்து வேகவிட்டு, அடிப்பக்கம் நன்கு இறுகியபின் திருப்புக. இனிப்பை விரும்புவோர் வெங்காயமும் மிளகாயும் நீக்கிக் கறுவாத்தூள் சேர்க்கலாம். எனக்கு உவந்தது காரமானதே; கூனிச் சம்பலோடு உண்டால் புத்தளக் கரை முழுவதும் தட்டில் இருப்பதாகத் தோன்றும். இருவருக்குமான மாச்சத்து ஏறத்தாழ 35 கிராம். அதிலும் மூன்றிலொரு பங்கு நார்ப்பொருள். 200 கிராம் கோதுமை மாவில் இருவருக்கு ரொட்டி சுட்டால் 150 கிராம் என்பதை ஒப்புநோக்குக.

தடைகள் எழாமலில்லை. கடலுக்குச் செல்பவருக்கு இது போதுமா என்று வினவுவர். போதாது, போதவேண்டும் என்று நான் சொல்லவுமில்லை. உடலால் உழைப்பவர் சோறு உண்ணட்டும். வளரும் பிள்ளைகளின் தட்டிலிருந்து சோற்றையும் பிட்டையும் பறிப்பதும் தகாது. அவர்களுக்கு இது பக்க உணவாக அமையலாம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் மாச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்கள் கேட்டே செய்யவேண்டும். முட்டையின் விலையைச் சுட்டுவோருக்கும் நான் செவிசாய்க்கிறேன். அதனாலேயே நாள்தோறும் என்னாது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்கிறேன். பூசணி பெருகி விளைந்து விலை விழும் காலங்களில் விளைவித்தவர் வாங்குவாரின்றித் தவிப்பதையும் இவ்விடத்தில் எண்ணுதல் தகும். அக்காய்களில் சிலவேனும் நம் காலையுணவுக்கு வருமாயின், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அது நன்று.

ஒன்றை மட்டும் நான் பொறுக்கமாட்டேன். மாச்சத்துக் குறைந்தது என்று பெயரிட்டுச் சுட்டுவிட்டு, அதன்மேல் பாணியைக் கவிழ்த்து, பக்கத்தில் மூன்று கரண்டிச் சீனி இட்ட தேநீரையும் வைத்துக்கொள்வது உணவன்று, நாடகம். அப்படிச் செய்வதைக் காட்டிலும் பழைய ரொட்டியையே அளவோடு உண்ணலாம். அதில் பொய்யாவது இராது.

நல்ல மொழிபெயர்ப்பாளன் மூலத்தின் சொற்களைக் காவிக்கொண்டு வருவதில்லை; கருத்தைக் கொண்டுவருகிறான். மேனாட்டார் சொன்னதன் கருத்து, உட்கார்ந்து உழைக்கும் மனிதன் மாவைக் குறைத்து உண்ணவேண்டும் என்பதே. அக்கருத்து நமக்கும் வேண்டும். வாதுமை வேண்டாம்; தேங்காய் இருக்கிறது. இலையுதிர்காலம் வேண்டாம், கூதிர் இருக்கிறது. பான்கேக் வேண்டாம், அடை இருக்கிறது. பள்ளிகளில் மனையியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வைப்பசியில் பூசணிக்காய் ஒன்றையும் தேங்காய்ச் சக்கையையும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்வார்களாயின், பாடநூல் காபோவைதரேற்று என்று அச்சிட்டிருக்கும் கடினமான சொல்லின் பொருளை மாணவர் நாவினாலேயே அறிந்துகொள்வர்.